அலுவலக ஐ.பி. போன்கள்: வலையமைப்பில் சேரும் படிகளும் நம்பகச் சிக்கலும்

செம்புக் கம்பி இணையைக் கொண்டு இயங்கிய பழைய தொலைபேசியில் எண் என்பது கருவிக்கு உரியதாக இருந்ததில்லை. கம்பிக்கு உரியதாக இருந்தது. தொலைபேசி நிலையத்தில் அந்தக் கம்பி எந்த முனையில் போய் முடிந்ததோ அந்த முனைக்கே எண் ஒதுக்கப்பட்டிருந்தது. கருவி இயங்குவதற்கான 48 வோல்ட் மின்சாரத்தையும் நிலையத்தின் மின்கலங்களே அதே கம்பி வழியாக அனுப்பின. ஆகவே ஒரு கருவியைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் எண் மாறவில்லை. தான் யார், தன் எண் என்ன என்பதைக் கருவி அறிந்திருக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

இன்றைய அலுவலக மேசைகளில் இருக்கும் ஐ.பி. போனின் நிலை இதற்கு நேர்மாறானது. குரலைச் சிறு சிறு தரவுப் பொதிகளாக்கிக் கணினி வலையமைப்பின் வழியே அனுப்பும் இக்கருவி, கணினிக்குப் பயன்படும் அதே ஈதர்நெட் கேபிளில், கட்டடத்தின் எந்தச் சுவரில் உள்ள எந்தப் போர்ட்டிலும் இணைக்கப்படக்கூடியது. ஆகவே கம்பியைக் கொண்டு அதன் எண்ணை அறிய வழியில்லை. ஆலையிலிருந்து வரும்போது அதனிடம் இருப்பவை, 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி என்ற வன்பொருள் அடையாளம், ஓர் இயக்க மென்பொருள், சில மாதிரிகளில் உற்பத்தியாளர் பதித்துவைத்த மின்னணுச் சான்றிதழ் ஆகியவை மட்டுமே. எந்தக் கிளைவலையில் சேர வேண்டும், எந்த முகவரியைக் கொள்ள வேண்டும், எந்த சர்வரை அணுக வேண்டும், தனக்குரிய எண் என்ன என்பன போன்ற மற்றவை அனைத்தையும் அது வலையமைப்பிடம் கேட்டே தெரிந்துகொள்கிறது. யாரிடம், எந்த வரிசையில் கேட்கிறது என்பதைத் தொழில்நுட்பக் கையேடுகள் விரிவாகவே சொல்கின்றன. கிடைக்கும் பதிலை அது ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி அவற்றில் பெரும்பாலும் ஓரமாகவே நிற்கிறது. இந்தத் தொடக்க வரிசையின் அடிப்படைச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது: சொல்பவர் யார் என்று சோதிப்பதற்கான கருவிகளே, பலமுறை, சோதிக்காமல் நம்பிய பிறகுதான் போனின் கைக்கு வருகின்றன.

முதல் உரையாடல் மின்சாரத்தைப் பற்றியது. அதில் மென்பொருளுக்கு வேலையே இல்லை. ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரமும் அளிக்கும் பி.ஓ.இ. முறையை ஐ.இ.இ.இ. அமைப்பு 2003-இல் 802.3ஏஎஃப் என்ற தரநிலையாக வகுத்தது. மின்சாரத்தை ஏற்கும் தகுதியில்லாத கருவியொன்று கேபிளின் மறுமுனையில் இருந்தால் அது கெட்டுவிடக்கூடும் என்பதால், சுவிட்ச் எடுத்த எடுப்பிலேயே முழு மின்னழுத்தத்தையும் செலுத்துவதில்லை. 10 வோல்ட்டைத் தாண்டாத சிறு மின்னழுத்தத்தைச் செலுத்தி, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை தென்படுகிறதா என்று பார்க்கிறது. அது தென்பட்டால் 15.5 முதல் 20.5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தைக் கொடுத்து, கருவி இழுக்கும் மின்னோட்டத்தின் அளவிலிருந்து அதன் தேவை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று கணிக்கிறது. அதன் பிறகே 44 முதல் 57 வோல்ட் வரையிலான முழு மின்னழுத்தம் செல்கிறது. சுவிட்ச் அதிகபட்சமாக 15.4 வாட் அளித்தாலும், 100 மீட்டர் கேபிளில் ஏற்படக்கூடிய இழப்பைக் கழித்து 12.95 வாட் மட்டுமே கருவிக்கு உறுதியளிக்கப்படுகிறது. வண்ணத்திரையும் கேமராவும் கொண்ட போன்களுக்கு அது போதாமற்போனதால், 2009-இல் வந்த 802.3ஏடி தரநிலை சுவிட்ச் பக்கத்தில் 30 வாட்டாகவும் கருவிப் பக்கத்தில் 25.5 வாட்டாகவும் அதை உயர்த்தியது.

அலுவலகங்களில் அடிக்கடி கவனிக்கப்படாமல் விடப்படுவது சுவிட்சின் மொத்த மின்கொள்ளளவு. 48 போர்ட்டுகள் கொண்ட சுவிட்ச் ஒன்று எல்லாப் போர்ட்டுகளுக்கும் 15.4 வாட் தர வேண்டுமென்றால் ஏறத்தாழ 739 வாட் தேவைப்படும். சந்தையில் உள்ள பல சுவிட்சுகளில் இதற்கென ஒதுக்கப்பட்டிருப்பது 370 வாட் அளவே. போன்கள் தம் வகுப்பைச் சரியாக அறிவித்து, உண்மையில் தேவைப்படுவதை மட்டும் கோரினால் இந்தக் கொள்ளளவே தாராளமாகப் போதும். வகுப்பை அறிவிக்காத பழைய கருவிகள் நிறைய இருந்தால், ஒவ்வொன்றுக்கும் முழு 15.4 வாட் ஒதுக்கப்பட்டு, கடைசியில் இணைக்கப்பட்ட சில போன்கள் விளக்குகூட எரியாமல் கிடக்கும்.

மின்சாரம் வந்ததும் நிலையான நினைவகத்தில் உள்ள தொடக்க நிரல் விழித்து, ஃபர்ம்வேர் எனப்படும் இயக்க மென்பொருளை ஏற்றுகிறது. அண்மைக்கால மாதிரிகளில் உற்பத்தியாளரின் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே ஃபர்ம்வேர் இயங்குகிறது. சரிபார்ப்பதற்கான திறவுகோல் ஆலையிலேயே கருவிக்குள் வைக்கப்படுவதால், நம்பகத்தைப் பொறுத்தவரை தொடக்க வரிசையில் மிக உறுதியான படி இதுதான். இதற்கு அடுத்த படியிலேயே நிலைமை தலைகீழாகிறது.

பெரும்பாலான அலுவலகப் போன்களின் பின்புறத்தில் இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகள் இருக்கும். ஒன்று சுவிட்சை நோக்கியது, மற்றொன்று பயனரின் கணினிக்கானது. மேசைக்கு ஒரே கேபிள் போதும் என்ற சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு சிறு சுவிட்ச் அடங்கியிருக்கிறது. ஒரே கேபிளில் குரலும் கணினித் தரவும் கலந்து செல்லும்போது, பெரிய கோப்பொன்றின் பதிவிறக்கம் குரலைத் தடுக்காமலிருக்க இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வன்பொருள் வலையமைப்பைத் தருக்க முறையில் பல கிளைவலைகளாகப் பிரிக்கும் விலேன் என்ற ஏற்பாடு இதற்குப் பயன்படுகிறது. 802.1க்யூ தரநிலையின்படி ஈதர்நெட் சட்டகத்தில் ஒரு சிறு அடையாளக் குறி செருகப்படுகிறது. அதில் 12 பிட்டுகள் கிளைவலையின் எண்ணையும் 3 பிட்டுகள் முன்னுரிமையையும் குறிக்கின்றன. கணினியின் தரவு குறியில்லாமலும், குரல் தனிக் கிளைவலையின் குறியோடும் முன்னுரிமை 5 என்ற மதிப்போடும் செல்வது வழக்கம்.

தன் குரல் கிளைவலையின் எண் என்ன என்பதைப் போன் அறிவதற்கு மூன்று வழிகள் புழங்குகின்றன. 1990-களின் நடுவிலிருந்து சிஸ்கோ நிறுவனம் தன் கருவிகளில் பயன்படுத்திவரும் சி.டி.பி. நெறிமுறை முதலாவது, அதில் சுவிட்ச் தன்னைப் பற்றிய விவரங்களோடு குரல் கிளைவலை எண்ணையும் இயல்பாக 60 நொடிக்கு ஒருமுறை அறிவிக்கிறது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 2005-இல் வகுக்கப்பட்ட எல்.எல்.டி.பி. நெறிமுறையும், தொலைபேசிக் கருவிகளுக்கென 2006-இல் அதனோடு சேர்க்கப்பட்ட மெட் என்ற நீட்சியும் இரண்டாவது. போனைக் கண்டதும் வழக்கமான 30 நொடி இடைவெளிக்குக் காத்திராமல் நொடிக்கு ஒன்றாகச் சில அறிவிப்புகளைச் சுவிட்ச் உடனே அனுப்ப வேண்டும் என்ற விதி இந்த நீட்சியில் உண்டு. போன் விரைவில் எழுவதற்கு இந்தச் சிறு விதி செய்த உதவி பெரிது. மூன்றாவது வழி சுற்றுவழி. போன் முதலில் குறியில்லாமல் கணினிகளின் கிளைவலையிலேயே சேர்ந்து ஒரு முகவரியைப் பெறுகிறது; அந்தப் பதிலோடு வரும் கூடுதல் விவரத்திலிருந்து குரல் கிளைவலையின் எண்ணைப் படித்து, பெற்ற முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிய கிளைவலையில் மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்குகிறது. அவாயா போன்களில் இந்தக் கூடுதல் விவரம் 242 என்ற எண்ணுள்ள விருப்பத் தகவலாக வருகிறது. புதிய கிளைவலையில் 60 நொடிக்குள் பதில் வராவிட்டால் அவை பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. திரும்பியதும் மீண்டும் அதே எண் சொல்லப்பட்டு, அதே முயற்சி நடந்து, அதே தோல்வி ஏற்பட்டு, போன் முடிவில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும் பிழைக்கு இந்த ஏற்பாடே இடம் கொடுக்கிறது.

மெட் நீட்சி வேறொரு தகவலையும் சுமக்கிறது. போன் எந்தக் கட்டடத்தில், எந்தத் தளத்தில், எந்த அறையில் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் போர்ட்டோடு பொருத்திப் போனுக்கு அறிவிக்க அதில் இடமுண்டு. அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பட்ட ரே பாம் சட்டத்தின் அடிப்படையில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் வகுத்த விதிகள், 911-ஐ அழைக்கும் அலுவலகத் தொலைபேசியின் துல்லியமான இருப்பிடமும் அழைப்போடு போய்ச் சேர வேண்டும் என்று கோருகின்றன. எண் கம்பியை விட்டுக் கருவியோடு நகரத் தொடங்கியதால் தொலைந்த இருப்பிடத் தகவலை மீட்கும் முயற்சி இது.

ஆனால் சி.டி.பி., எல்.எல்.டி.பி. அறிவிப்புகளில் கையொப்பம் எதுவும் இல்லை. கேபிளின் மறுமுனையில் இருப்பது எதுவாயினும் அது சொல்வதைப் போன் ஏற்கிறது. அதேபோல், தன்னைப் போன் என்று அறிவித்துக்கொள்ளும் மடிக்கணினியையும் பல சுவிட்சுகள் குரல் கிளைவலைக்குள் அனுமதித்துவிடுகின்றன. சி.டி.பி. பொதிகளைப் படிக்கும் நிரல்களில் இருந்த ஐந்து பாதுகாப்புக் குறைகளை ஆர்மிஸ் என்ற நிறுவனம் 2020 பிப்ரவரியில் வெளியிட்டபோது, பாதிக்கப்பட்ட கருவிகளில் ஐ.பி. போன்களும் இடம்பெற்றிருந்தன. அடையாளம் சரிபார்க்கப்படுவதற்கு முன்பே படிக்கப்படும் செய்தி என்பதால், அதைப் படிக்கும் நிரலில் உள்ள சிறு பிழையும் பெரிய வாயிலாகிவிடுகிறது. இதற்கு மாற்றாக அமைந்த 802.1எக்ஸ் தரநிலையின்படி, போன் தன் சான்றிதழைக் காட்டி ஒப்புதல் பெறும்வரை போர்ட் மூடியே இருக்கிறது. இதைச் செயல்படுத்தும் அலுவலகங்களிலும், சான்றிதழ் இல்லாத பழைய போன்களுக்காக மேக் முகவரியை மட்டும் பார்த்து அனுமதிக்கும் விதிவிலக்கு பெரும்பாலும் வைக்கப்படுகிறது. மேக் முகவரியோ கருவியின் அடிப்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. எந்தக் கணினியும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியும்.

அடுத்துப் போன் தனக்கான ஐ.பி. முகவரியை டி.எச்.சி.பி. நெறிமுறையின் வழியே பெறுகிறது. யாரேனும் முகவரி தருவீர்களா என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்பது, ஒரு சர்வர் முகவரியொன்றைத் தர முன்வருவது, அதைப் போன் கோருவது, சர்வர் உறுதிசெய்வது என்ற நான்கு செய்திகளில் இது முடிகிறது. இந்தக் கட்டத்தில் அலுவலகங்களில் அடிக்கடி எழும் தாமதத்துக்குக் காரணம் டி.எச்.சி.பி. அன்று. வலையமைப்பில் சுழல்பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையின் பழைய வடிவத்தில், புதிதாக உயிர்பெற்ற போர்ட் 15 நொடி கவனிப்பதிலும் 15 நொடி கற்பதிலும் கழித்துவிட்டே தரவைக் கடத்தத் தொடங்குகிறது. அந்த 30 நொடிக்குள் போன் அனுப்பும் கோரிக்கைகள் சுவிட்சைத் தாண்டுவதில்லை. போர்ட்டை முனையக் கருவிக்கான போர்ட் என்று அமைப்பில் குறித்துவிட்டால் இந்தக் காத்திருப்பு நீங்கும்.

கணினிக்கு முகவரியும் வாயில் முகவரியும் கிடைத்தால் போதும்; போனுக்கு அவற்றோடு, தன் அமைப்புக் கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்ற தகவலும் வேண்டும். அதை டி.எச்.சி.பி. பதிலில் விருப்பத் தகவல் 66 சுமக்கிறது. சிஸ்கோ போன்கள் 150-ஐத் தேடுகின்றன. பாலிகாம் போன்கள் 160-ஐப் பார்க்கின்றன. உற்பத்தியாளருக்கென்றே ஒதுக்கப்பட்ட 43-உம் பயன்படுகிறது. பல நிறுவனங்களின் போன்களை ஒரே வலையமைப்பில் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இந்த வேறுபாடுகள் தீராத தொல்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு தொழில்நுட்பத் தேவையிலிருந்து பிறந்தவை என்று கொள்வதற்கில்லை; பொதுத் தரநிலை வருவதற்குள் சந்தையில் முந்திக்கொண்ட நிறுவனங்களின் பழக்கங்கள் பின்னர் உறைந்து நின்றுவிட்டன என்பதே பொருத்தமான விளக்கம்.

தொடக்க வரிசையில் மிகப் பழமையானதும் மிகப் பலவீனமானதுமான பகுதி அமைப்புக் கோப்பைப் பெறும் படியாகும். இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட டி.எஃப்.டி.பி. நெறிமுறை 1981-இல் ஆவணப்படுத்தப்பட்டு, 1992-இல் ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 1350 என்ற இன்றைய வடிவை அடைந்தது. நினைவகம் அரிதாக இருந்த கருவிகளுக்காக எழுதப்பட்டதால் அதில் பயனர்பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. கோப்பு 512 பைட் துண்டுகளாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை வந்த பிறகே அடுத்தது புறப்படுகிறது. ஒரே கட்டடத்துக்குள் இது குறையாகத் தெரிவதில்லை. சர்வர் தொலைவில் இருந்து, செய்தி போய்வர 50 மில்லிநொடி ஆகும் கிளை அலுவலகத்தில், 30 மெகாபைட் ஃபர்ம்வேர் ஒன்று ஏறத்தாழ 58,600 துண்டுகளாகப் பிரிந்து, ஒரு போனுக்கு வந்து சேர 49 நிமிடம் எடுத்துக்கொள்ளும். துண்டின் வரிசையெண்ணுக்கு 16 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதால், பின்னர் சேர்க்கப்பட்ட நீட்சிகள் இல்லாத நிலையில் 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை இதன் வழியே அனுப்பவும் முடியாது. புதிய போன்கள் எச்.டி.டி.பி. அல்லது எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு மாறியதற்குப் பாதுகாப்பைப் போலவே இந்த எல்லைகளும் காரணமாயின.

கோப்பின் பெயரே போனின் அடையாளமாக வேலைசெய்கிறது. போன் தன் மேக் முகவரியின் 12 பதினறும இலக்கங்களைப் பெயரில் கொண்ட கோப்பைக் கேட்கிறது. சிஸ்கோ போன்களில் அந்த இலக்கங்களுக்கு முன் நிற்கும் செப் என்ற மூன்று எழுத்துகள், 1998-இல் அந்நிறுவனம் வாங்கிய செல்சியஸ் நிறுவனத்தின் ஈதர்நெட் போன் காலத்திலிருந்து தொடர்பவை. பாலிகாம் போன்கள் தம் பெயரில் கோப்பு இல்லையென்றால் பன்னிரண்டு சுழியங்களைப் பெயராகக் கொண்ட பொதுக் கோப்பை எடுத்துக்கொள்கின்றன. இந்தக் கோப்பில்தான் போனின் எண், திரையில் தெரிய வேண்டிய பெயர், பதிவு சர்வரின் முகவரி, பல அமைப்புகளில் பதிவுக்கான கடவுச்சொல்லும்கூட இருக்கின்றன. மேக் முகவரியின் முதற்பாதி உற்பத்தியாளரைக் குறிப்பதால் அதை எவரும் அறியலாம். மீதிப் பாதியில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம். ஒரு நிரலுக்கு இது பெரிய எண்ணிக்கை அன்று. ஒரே சமயத்தில் வாங்கிய போன்களின் எண்கள் அடுத்தடுத்து அமைவது வழக்கமென்பதால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றை ஊகிப்பது இன்னும் எளிது. கோப்பின் பெயரைச் சொல்பவருக்கெல்லாம் கோப்பைக் கொடுத்துவிடும் சர்வர், அலுவலகத்தின் எல்லாத் தொலைபேசிகளின் கடவுச்சொற்களையும் திறந்துவைத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்தக் குறையை நீக்க இரண்டு வகை முயற்சிகள் நடந்திருக்கின்றன. முதல் வகையில், ஆலையில் பதித்த சான்றிதழைக் கொண்டு போனும் சர்வரும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்த போன் முதலில் உற்பத்தியாளரின் சர்வரை இணையத்தில் அணுகி, தன்னை வாங்கிய நிறுவனத்தின் சர்வர் எது என்று அங்கே கேட்டறிந்து செல்லும் வழிகாட்டுச் சேவைகள் இதன்மேல் எழுந்தவை. இரண்டாவது வகை சிஸ்கோவின் அழைப்பு மேலாண்மை மென்பொருளில் 8.0 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது: போன் முதன்முறை சேரும்போது நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலொன்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது, அதன் பிறகு அந்தப் பட்டியலோடு பொருந்தும் கையொப்பமுள்ள கோப்புகளை மட்டுமே ஏற்கிறது. முதற்சந்திப்பு நேர்மையானதாக இருந்துவிட்டால் பின்வரும் மோசடிகளை இது தடுத்துவிடும். ஆனால் அலுவலகம் தன் சர்வர் தொகுதியை உரிய முன்னேற்பாடின்றி மாற்றும்போது, போன்கள் புதிய சர்வரைப் போலி என்று கருதி அதன் கோப்புகளை மறுத்துவிடுகின்றன. சான்றிதழ்களை முன்கூட்டியே பரிமாறத் தவறிய நிர்வாகிகள் ஒவ்வொரு மேசைக்கும் சென்று பட்டியலை அழிக்க நேர்வதுண்டு. எளிமைக்கும் உறுதிக்கும் இடையிலான இந்த இழுபறியில் உறுதியின் பக்கம் நிற்பதே சரி. ஆனால் அதற்கான உழைப்பை முன்கூட்டியே திட்டமிடாத நிர்வாகம், முதல் சங்கடத்திலேயே பாதுகாப்பை நிறுத்திவைக்கும் முடிவுக்குப் போய்விடுகிறது.

சான்றிதழைச் சரிபார்ப்பதில் இன்னொரு வட்டச் சிக்கலும் உண்டு. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் இருப்பதால், அதைச் சோதிக்க இன்றைய தேதி தெரிய வேண்டும். மின்கலம் தாங்கும் கடிகாரம் இல்லாத போனுக்கு விழித்தெழும் கணத்தில் தேதி தெரியாது. டி.எச்.சி.பி. பதிலில் விருப்பத் தகவல் 42 சுட்டும் நேர சர்வரிடமிருந்து அது நேரத்தைப் பெறலாம். ஆனால் அந்தப் பதிலும், வழக்கமான அமைப்புகளில் நேரச் செய்தியும், கையொப்பமற்றவை. சரிபார்க்கப்படாத நேரத்தின்மேல் சரிபார்ப்பு முழுவதும் நிற்கிறது. பழுது தேடும்போதும் இது மனத்தில் இருக்க வேண்டும்: சான்றிதழ்ப் பிழை என்று திரை காட்டும் போன்களில் சிலவற்றுக்குச் சான்றிதழில் ஒரு குறையும் இருக்காது, நேர சர்வர்தான் எட்டாமல் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகே போன் தன்னைப் பதிவுசெய்கிறது. 2002 ஜூனில் ஆர்.எஃப்.சி. 3261 என்ற வடிவில் வெளியான சிப் நெறிமுறையில் பதிவு என்பது, ஊர் மாறிய ஒருவர் தபால் நிலையத்தில் புதிய முகவரியை எழுதிக்கொடுப்பதைப் போன்றது: இந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை இப்போது இந்த ஐ.பி. முகவரிக்கு அனுப்புக என்று போன் சர்வருக்குத் தெரிவிக்கிறது. முதல் கோரிக்கையைச் சர்வர் 401 என்ற மறுப்போடு திருப்பி, ஒருமுறை மட்டும் பயன்படும் ஒரு சரத்தையும் சேர்த்து அனுப்புகிறது. போன் அந்தச் சரத்தையும் கடவுச்சொல்லையும் இணைத்துக் கணக்கிட்ட சுருக்கத்தை இரண்டாவது கோரிக்கையில் வைக்கிறது. பொருந்தினால் 200 என்ற ஒப்புதல் வருகிறது. கம்பியில் கடவுச்சொல் நேரடியாகச் செல்லாத இந்த முறை, சுருக்கத்தைக் கணக்கிட எம்.டி.5 என்ற பழைய வழியையே நெடுங்காலம் நம்பியிருந்தது. வலுவான வழிகளைச் சேர்த்த ஆர்.எஃப்.சி. 8760 வெளியானது 2020-இல்தான். அலுவலகப் பழக்கத்தில் 401 என்ற எண்ணைப் பதிவேட்டில் கண்டதும் கடவுச்சொல் தவறு என்று முடிவுசெய்வது உண்டு. ஒருமுறை வரும் 401 முறையான நடைமுறையின் பகுதி, திரும்பத் திரும்ப வருவதே பிழையின் அறிகுறி.

பதிவு நிலையானதன்று. பல அமைப்புகளில் 3600 நொடி என்று குறிக்கப்படும் காலம் முடிவதற்குள் போன் அதைப் புதுப்பித்தாக வேண்டும். அலுவலகத்தின் தனி முகவரிகளை ஒரே பொது முகவரிக்குள் அடக்கும் நாட் ரூட்டர் இடையில் இருந்தால், சில பத்து நொடிகள் அமைதி நிலவியதும் ரூட்டர் அந்த இணைப்பை மறந்துவிடக்கூடும். அதன் பிறகு போன் வெளியே அழைக்க முடியும், அதற்கு வரும் அழைப்புகள் மட்டும் வந்து சேரா. இதனால் இணையத்தில் இயங்கும் சேவைகள் பதிவுக் காலத்தைச் சுருக்கியோ, இடையிடையே சிறு செய்திகளை அனுப்பவைத்தோ பாதையைத் திறந்துவைத்திருக்கின்றன.

தனிப் போன் ஒன்றுக்கு எளிதாக முடியும் இந்தப் படிகள், ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே கணத்தில் எழும்போது வேறு தன்மையைப் பெறுகின்றன. சிப் வலையமைப்புகளின் மிகைச்சுமையைப் பற்றி 2008-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5390, பெருநகரம் ஒன்றில் மின்வெட்டு முடிந்து எல்லாக் கருவிகளும் ஒருங்கே பதிவுக்கு முந்தும் நிலையை மன்ஹாட்டனின் பெயரிலேயே விளக்குகிறது. சுமை தாங்காத சர்வர் பதிலளிக்கத் தாமதிக்க, பதில் வராத போன்கள் கோரிக்கையை மீண்டும் அனுப்ப, அதனாலேயே சுமை பெருக, சர்வர் முற்றிலும் செயலிழக்கும் நிலை உருவாகிறது. ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பின் உச்சவரம்பை இரட்டிப்பாக்கி, அந்த வரம்பின் 50 முதல் 100 விழுக்காட்டுக்குள் தற்செயலான ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ளுமாறு 2009-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5626 பணிப்பது இதற்காகவே. வரம்பு அதிகபட்சம் 1800 நொடி வரை உயரலாம். எல்லாரும் சிறிது காத்திருந்தால்தான் எல்லாருக்கும் விரைவில் இணைப்புக் கிடைக்கும்.

மைய சர்வர் எட்டாதபோது கிளை அலுவலகத்தின் ரூட்டரே தற்காலிகப் பதிவாளராக நின்று உள் அழைப்புகளையும் அவசர அழைப்புகளையும் கடத்தும் ஏற்பாடும் உண்டு. போன்கள் அதன் முகவரியை முன்கூட்டியே அமைப்புக் கோப்பில் பெற்றிருந்தால்தான் அது பயன்படும். ஆனால் எந்த ஏற்பாடும் தளந்தோறும் உள்ள சுவிட்சுகளுக்கு மின்சாரம் இல்லையென்றால் இயங்காது. சர்வர் அறைக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்துவிட்டுத் தளச் சுவிட்சுகளை நேரடி மின்சாரத்தில் விட்டிருக்கும் கட்டடத்தில், ஒரு நிமிட மின்வெட்டுகூட எல்லாப் போன்களையும் அணைத்து, 25 கிலோ ஓம் சோதனையிலிருந்து பதிவு வரை அனைத்தையும் மறுபடியும் கடக்கவைக்கிறது. தளச் சுவிட்சுக்கான யு.பி.எஸ்.ஸின் திறனைக் கணக்கிடும்போது சுவிட்சின் சொந்தத் தேவையோடு அதன் வழியே மின்சாரம் பெறும் ஒவ்வொரு போனின் வாட் அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சுவிட்சுகளில் இரண்டாவதே பெரிய தொகையாக இருக்கும்.